300 சொல்லில் வரலாற்றுக் கதை எழுதக் கரு எங்கே கிடைக்கும்?

கேள்வி: வரலாற்றுப் பின்னணியில் 300 சொற்களுக்குள் குறுங்கதை எழுதப் பார்க்கிறேன். நிறையப் படிக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் கருவே சிக்க மாட்டேன் என்கிறது. நீங்கள் எப்படித் தேடுகிறீர்கள்?

உங்களுக்குக் கரு கிடைக்காமல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். கிடைப்பதெல்லாம் பெரிதாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதன்முதலில் நான் எடுத்துக்கொண்டது ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு. 1025ஆம் ஆண்டு, கப்பல், கடல், போர், எதற்கும் குறைவில்லை. எழுதி முடித்துப் படித்தால் பாடப்புத்தகத்தில் வரும் ஒரு பத்தி போல இருந்தது. இடையில் இரண்டு வசனம் மட்டும் கூடுதல். மன்னர் "புறப்படட்டும்" என்கிறார், படை புறப்படுகிறது. மூன்று முறை மாற்றி எழுதினேன். மூன்று முறையும் மன்னரே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நாலாவது முறை எழுதியதையே அழித்துவிட்டேன்.

அப்புறம் கொஞ்ச நாள் கழித்து, வேறு எதற்கோ நடுகற்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது எடத்தனூர்க் கல் கண்ணில் பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்து ஊர். கல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டு. கால்நடையைக் காக்கும் சண்டையில் ஒரு வீரன் இறந்திருக்கிறான். அவனுக்காக எடுத்த கல். அதில் அவனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாய்க்குப் பெயரும் உண்டு: கோவிவன். அது கள்ளனைக் கடித்துக் "காத்திருந்தவாறு" என்று அந்த வாசகம் முடிகிறது.

அந்தக் கடைசிச் சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். கல்லில் எழுதியவர் சொல்ல வந்தது காவல் காத்ததை. இன்றைக்கு நம் காதில் விழுவது வேறு. இனி வரப்போகாத ஒருவருக்காக ஒரு நாய் உட்கார்ந்திருப்பது போலக் கேட்கிறது. இன்னொன்றும் உறுத்தியது. கல் கொத்துகிறவருக்கு அந்த நாயின் பெயர் எப்படித் தெரியும்? யாரோ ஒருவர் அவர் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும். யார்?

கதை அங்கேயே முடிவாகிவிட்டது. ஒரு பையன் கல் கொத்துகிறவரின் எதிரே நிற்கிறான். "பெயர் என்ன?" என்று அவர் உளியைத் துடைத்துக்கொண்டே கேட்கிறார். "கோவிவன்." "உன் அப்பா பெயரா?" "இல்லை." இதைச் சுற்றி மொத்தம் 180 சொல். போர் கிடையாது, கள்ளன் கிடையாது, மன்னர் பெயர்கூட வராது. கடாரத்தில் நான் செய்ய நினைத்ததெல்லாம் இதில் தானாக வந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து நான் தேடுவது ஆவணத்தில் ஒரே ஒரு வரியில் தலைகாட்டிவிட்டுப் போகிற ஆளை. அந்த வரிக்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது என்பது நமக்குப் பெரிய சௌகரியம். ராஜராஜனைப் பற்றி எழுதினால் வாசகர் மனத்தில் ஏற்கெனவே ஒரு ராஜராஜன் இருப்பார். அவரோடு மல்லுக்கட்டியே பாதிச் சொற்கள் தீர்ந்துவிடும்.

இப்படிப்பட்ட ஆட்கள் கல்வெட்டுத் தொகுதிகளில் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசை 1890 முதல் வெளிவருகிறது. சுவைக்காக யாரும் படிக்கிற புத்தகம் இல்லை, முதல் பத்துப் பக்கத்தில் தூக்கம் வரும். பரவாயில்லை, புரட்டுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்களை, அதாவது கோயிலில் ஆடல் பாடல் பணி செய்த பெண்களை, வீடு வீடாகக் கணக்கெடுத்து எழுதியிருக்கிறார்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன, எல்லாம் உண்டு. ஒருவருக்கு ஒரு பங்கு; ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். தெற்குத் தளிச்சேரியில் தென்சிறகின் தலைவீடு நக்கன் சேரமங்கைக்கு. திருவையாற்றிலிருந்து வந்தவர். ஒருவர் இறந்தால் அந்தப் பங்கு அடுத்த உறவுக்குப் போகும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். புது வீட்டில் முதல் நாள் இரவு, இன்னும் மூட்டையைக்கூடப் பிரிக்கவில்லை, தான் செத்தால் யாருக்கு என்பது அதற்குள் கல்லில் ஏறிவிட்டது. சேரமங்கைக்கு இதை யார் வாசித்துக் காட்டியிருப்பார்கள்? இதை நான் இன்னும் எழுதவில்லை. இரண்டு முறை தொடங்கி விட்டுவிட்டேன்.

ஆவணம் சொல்வதும் வாழ்க்கையில் நடப்பதும் இடிக்கும் இடம் இன்னொரு நல்ல ஊற்று. அந்தக் காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க ஆடு கொடுப்பார்கள். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. ஆடுகளை வாங்கிக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் "சாவா மூவாப் பேராடு". சாகாது, மூப்படையாது. மந்தையில் ஆடு செத்தாலும் குட்டி போட்டாலும் கணக்கில் எண்ணிக்கை அப்படியே நிற்கும் என்பது அதன் பொருள். சரி, கணக்கு நிற்கட்டும். விடிகாலையில் பட்டியில் ஓர் ஆடு செத்துக் கிடக்கிறது. சாகக்கூடாத ஆடு. இடையர் மகள்தான் முதலில் பார்க்கிறாள். இதற்குமேல் கரு என்று எதைத் தேடுவது?

நம் வரலாறுதான் வேண்டும் என்றும் இல்லை. இன்றைய ஈராக்கில் இருந்த "ஊர்" என்ற பழைய நகரத்துக் களிமண் பலகை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிமு 1750 வாக்கில் நன்னி என்பவர், தரமில்லாத செம்பைத் தலையில் கட்டப் பார்த்த வணிகர் ஏயா நாசிருக்கு எழுதிய புகார். இணையத்தில் எல்லோரும் அந்த வணிகரை வைத்துச் சிரித்து முடித்துவிட்டார்கள். எனக்கு அதில் பிடித்தவர் நன்னி அனுப்பிய ஆள். பகைவர் நிலத்தைக் கடந்து போய், அவமானப்பட்டு, வெறுங்கையோடு திரும்பியவர். எசமானரிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார் இல்லையா? அந்த ஒத்திகையே ஒரு கதை.

பெரிய நிகழ்ச்சியை விடவே மனமில்லை என்றால் அதற்கு முந்தைய நாளுக்குப் போய்விடுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைமேல் குண்டு போட்டது, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. "அவன் சரியான எம்டன்" என்று இன்னும் பேச்சில் இருக்கிறதே, அதே கப்பல். தலைப்பில் "சென்னைத் துறைமுகம், 21 செப்டம்பர் 1914" என்று போட்டுவிட்டு, தொட்டிக் காவலாளி ஒருவர் கூட்டாளியிடம் "நாளை ராத்திரி மட்டும் எனக்குப் பதிலாக நீ இரு" என்று கெஞ்சுவதை எழுதுங்கள். கப்பல் வரக்கூடாது, குண்டு வரக்கூடாது. மீதியை வாசகரின் வயிறு பார்த்துக்கொள்ளும். வாசகருக்குத் தெரிந்த நிகழ்ச்சியாக இருந்தால்தான் இது வேலை செய்யும். விளக்கம் தேவைப்பட்டால் அந்தக் கருவை நீளமான கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் மாறிய நாட்களையும் பாருங்கள். பிரிட்டனில் 1752இல் நாட்காட்டியை மாற்றியபோது செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. இடையில் 11 தேதிகள் வரவே இல்லை. அந்தப் பதினொன்றில் ஒன்றில் பிறந்தநாள் உள்ள ஒரு சிறுமி போதும்.

தகவல் பிழை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நான் அடிபட்டிருக்கிறேன். நாவலில் ஒரு பிழை முந்நூறு பக்கத்தில் கரைந்துவிடும், 300 சொல்லில் அது மட்டும்தான் தெரியும். சோழர் காலத்து அடுக்களை ஒன்றில் மிளகாய் வைத்துவிட்டேன். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் இங்கே வந்தது. பின்னூட்டத்தில் ஒருவர் அதைச் சொன்ன பிறகு அந்தக் கதையைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை, எல்லோரும் மிளகாயைப் பற்றியே பேசினார்கள். இன்னொரு கதையில் "ஐந்து நிமிடம்" என்று எழுதி, கடைசி நேரத்தில் நாழிகை ஆக்கப் பார்த்தேன். ஒரு நாழிகை 24 நிமிடம், காட்சியே நீண்டுவிட்டது. இப்போதெல்லாம் "அடுப்பில் பால் பொங்குவதற்குள்" என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறேன். பாத்திரங்களைச் செந்தமிழில் பேசவைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பழைய மொழி பேசினால் பழைய காலம் வந்துவிடாது, நாடக மேடைதான் வரும்.

நடைமுறையில் நான் செய்வது ஒன்றுதான். படிக்கும்போது உறுத்துகிற வரியை ஒரு நோட்டில் அப்படியே எழுதுவேன். அதன் கீழே ஒரே ஒரு கேள்வி. அன்றே கதை எழுத மாட்டேன், எழுதினால் ஆவணத்துக்கு விளக்கவுரை மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்துப் பார்க்கும்போது வரி மறந்துபோய்க் கேள்வி மட்டும் நினைவில் இருந்தால் எழுதத் தொடங்குவேன். பாதிக்கு மேல் தேறாது.

தேறாத வரி ஒன்று நோட்டில் கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் வடக்கில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை. கிபி 100 வாக்கில் கிளாடியா செவேரா என்ற பெண், தோழி லெபிதினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைத்து அனுப்பிய மெல்லிய மரப்பலகைக் கடிதம் அங்கே மண்ணுக்குள் கிடைத்தது. செப்டம்பர் 11. கடிதத்தை எழுதியது ஓர் எழுத்தர். கடைசி இரண்டு மூன்று வரி மட்டும் வேறு கையெழுத்து, அது அவளுடையது. கீழே நான் எழுதியிருக்கும் கேள்வி: "எழுத்தரிடமிருந்து எழுதுகோலை அவள் எப்படிக் கேட்டு வாங்கினாள்?"