கேள்வி – பதில்: ரயில் பெட்டியில் எரிவாயு விளக்கு

சென்ற இதழில் தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலின் முதல் ரயில்பாதையைப் பற்றி எழுதியிருந்தோம். 1860 ஜூன் 26 அன்று திறந்த அந்தப் பாதை பாயிண்ட் துறைமுகத்திலிருந்து டர்பன் நகர் வரை இரண்டே மைல் தான். அதே ஆண்டு நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். ரயில் கூடங்களில் உழைத்த குடும்பங்கள் என்பதால் கேள்விகள் கூர்மையாகவே இருக்கின்றன. இந்த மாதம் பெட்டி விளக்கு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ஆரம்பத்தில் எண்ணெய் விளக்கு தானே இருந்தது? அதில் என்ன குறை?
*— ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்*

வெளிச்சம் போதாது என்பது முதல் குறை. கூரையில் ஓட்டை போட்டு, எண்ணெய்க் கிண்ணமும் திரியும் உள்ள விளக்கை மேலிருந்து இறக்கி வைப்பார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் ரேப் விதை எண்ணெய். செலவை மிச்சம் பிடிக்க, நடுத்தடுப்புக்கு மேலே ஒரே விளக்கை வைத்து இரண்டு அறைகளுக்குப் பங்கிட்டதும் உண்டு. எண்ணெய் கசிந்து கீழே உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் தேங்கும். வண்டி ஆடும்போது அதன் நிழலும் சேர்ந்து ஆடும். குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டால் திரி இழுக்காது.

ஆள் செலவு அதைவிடப் பெரிய தலைவலி. விளக்கு ஒவ்வொன்றையும் கழற்றி, துடைத்து, திரி வெட்டி, எண்ணெய் ஊற்றி, ஏற்றி, மறுபடி கூரைமேல் ஏறி இறக்க வேண்டும். மழையில் நனைந்த கூரைமேல் நடப்பது உயிருக்கே ஆபத்து. பெட்டிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக இந்த வேலை கட்டுப்படியாகவில்லை.

தெருவிளக்குக்கு நிலக்கரி வாயு இருந்ததே! அதையே சிலிண்டரில் அடைத்திருக்கலாமே?
*— ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

முதலில் சிலிண்டரே இல்லாமல் முயன்றார்கள். 1863 ஜனவரி 10-இல் திறந்த லண்டன் மெட்ரோபாலிடன் சுரங்க ரயிலில், பெட்டியின் கூரைமேல் நீளமான மரப்பெட்டி. அதற்குள் ரப்பர் பை. பையின் மேல் கனமான பலகை. பலகையின் எடை பையை அழுத்த, வாயு பர்னருக்கு இறங்கும். குறைந்த தூரத்துக்கு இது சரி. வாயு தீரத்தீர மறுபடி நிரப்ப ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரவெல்லாம் ஓடும் வண்டிக்கு எத்தனை பை வைக்க முடியும்?

அழுத்தி அடைப்பதுதான் வழி. ஆனால் நிலக்கரி வாயு அதற்கு ஒத்துழைக்காது. மேண்டில் (சுடரின் சூட்டில் பழுத்து ஒளிவிடும் வலை) வருவதற்கு முந்தைய காலம் அது. அப்போது சுடரே வெளிச்சம். சுடருக்குள் பழுத்து மின்னும் கரித்துகள்கள்தான் மஞ்சள் ஒளியைத் தருகின்றன. நிலக்கரி வாயுவில் அந்தக் கரியைக் கொடுப்பது அதில் கலந்துள்ள பென்சீன் போன்ற கனமான ஆவிகள். பத்து மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு இறுக்கினால் முதலில் திரவமாகி வெளியேறுவது அவைதான். மிஞ்சுவது பெரும்பாலும் ஹைட்ரஜனும் மீத்தேனும். சூடு இருக்கும், ஒளி இருக்காது.

எண்ணெயைச் சிதைத்து எடுத்த வாயுவில் எத்திலீன் வகை வாயுக்கள் நிறைய. அழுத்தினாலும் அவை வாயுவாகவே நிற்கும், ஒளி கொஞ்சம்தான் குறையும். அழுத்துவதற்கு முன்பே அது நிலக்கரி வாயுவைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு ஒளி தரக்கூடியது. பெர்லினைச் சேர்ந்த யூலியஸ் பின்ச் (1815–1884) பிடித்துக்கொண்ட நுட்பம் இதுதான். அவருடைய முறை 1870-களில் ஜெர்மனியில் பரவியது. 1876-இல் மெட்ரோபாலிடன் ரயிலும் ரப்பர் பையை விட்டு இதற்கு மாறியது. சூயஸ் கால்வாயின் மிதவை விளக்குகள்கூட பின்ச் வாயுவில் எரிந்தவை.

எண்ணெயிலிருந்து வாயுவை எப்படி எடுத்தார்கள்? எந்த இடத்தில் கெட்டுப்போகும்?
*— ஒரு பொறியியல் மாணவர், ஃபீனிக்ஸ்*

அடுப்புக்குள் வார்ப்பிரும்பு ரிட்டார்ட் (காற்றுப் புகாமல் மூடிச் சூடாக்கும் கலம்) இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. ஷேல் எண்ணெய் (ஒருவகைப் பாறையிலிருந்து எடுப்பது) அல்லது பெட்ரோலியக் கழிவு எண்ணெய் மெல்லிய தாரையாக மேல் ரிட்டார்ட்டில் உள்ள தகரத் தட்டில் விழும். தட்டு எதற்கு என்றால், எண்ணெய் நேராகப் பழுத்த இரும்பில் பட்டால் அங்கேயே கரி கட்டி ரிட்டார்ட் அடைத்துக்கொள்ளும். தட்டில் படிந்தால் தட்டை இழுத்துச் சுரண்டிவிடலாம். ஆவியான எண்ணெய் கீழ் ரிட்டார்ட்டுக்குப் போய் அங்கே முழுதாகச் சிதையும். பிறகு தார் தங்கும் நீர்ப்பூட்டுத் தொட்டி, குளிர்விக்கும் குழாய், நீரில் கழுவும் தொட்டி, சுண்ணாம்பும் மரத்தூளும் கலந்த சுத்திகரிப்பு அடுக்கு, மீட்டர், வாயுத் தொட்டி என்று வரிசையாகப் போகும். ஒரு காலன் எண்ணெய்க்கு 80 கன அடி வாயு கிடைத்தால் வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

கெடுவது பெரும்பாலும் சூட்டில்தான். இரும்பு நல்ல சிவப்பாகப் பழுத்திருக்க வேண்டும். சூடு குறைந்தால் எண்ணெய் சிதையாமல் ஆவியாகவே கடந்துபோய் குழாயில் மறுபடி எண்ணெயாக இறங்கும். தார் கூடும், வாயு குறையும். சூடு மிஞ்சினால் எண்ணெய் கரியும் ஹைட்ரஜனுமாகப் பிரிந்துவிடும். அப்போது வாயுவின் அளவு கூடுவதைப் பார்த்து ஏமாறக்கூடாது, ஏனென்றால் ஒளி போய்விட்டது. புகைக்கரி குழாய்களையும் அடைக்கும். அனுபவமுள்ள ஆள் சோதனைக் குழாயைத் திறந்து வாயுவின் நிறத்தைப் பார்ப்பார். வெள்ளைப் புகை என்றால் சூடு போதவில்லை. இளம்பழுப்பு சரி. கருத்த பழுப்பு என்றால் எண்ணெய்த் தாரையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், அல்லது அடுப்பைத் தணிக்க வேண்டும். எண்ணெயைக் கூட்டினாலே ரிட்டார்ட் குளிரும் என்பதை மறக்கக்கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுபவர் எதையும் சரிசெய்ய முடியாது.

அடுத்து பம்ப். சுமார் 10 மடங்கு வளிமண்டலம் வரை இறுக்கி இரும்புக் கலங்களில் சேர்ப்பார்கள். இங்கேயும் ஓரளவு திரவம் இறங்கும். 1000 கன அடிக்கு ஒரு காலன் என்பது வழக்கமான கணக்கு. அதைத் தவறாமல் வடிக்க வேண்டும். வடிக்காமல் விட்டால் அது பெட்டியின் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் விளைவை அடுத்த பதிலில் சொல்கிறோம். கலங்களிலிருந்து யார்டில் தண்டவாளம் நெடுகக் குழாய் ஓடும். இடைக்கிடை ரப்பர் ஹோஸ் மாட்டி, பெட்டியின் பக்கவாட்டு வால்வில் திருகி நிரப்பலாம். வாயு உற்பத்தி இல்லாத ஊர்களுக்கு, கலங்களைச் சட்டத்தில் ஏற்றிய தனி வேகன் போகும்.

ஒரு சிலிண்டர் எத்தனை மணி நேரம் எரியும்? லோட் ஷெடிங் (மின்வெட்டு) காலத்தில் நாம் வாங்கிய கேஸ் சிலிண்டர் மாதிரிதானா?
*— ஒரு வாசகர், லெனேசியா*

நம் வீட்டு சிலிண்டருக்குள் இருப்பது திரவம். கடைசிச் சொட்டு ஆவியாகும் வரை அழுத்தம் கிட்டத்தட்ட மாறாது, அதனால் எடை போட்டுத்தான் மிச்சத்தை அறிய முடியும். பின்ச் சிலிண்டரில் வாயு வாயுவாகவே இருக்கும். அழுத்தமானி பாதிக்கு இறங்கினால் வாயுவும் பாதி தீர்ந்தது. கணக்குப் போட இதைவிட எளிது எதுவும் இல்லை.

ஓர் உதாரணம்: 6 அடி நீளம், 18 அங்குல விட்டம் உள்ள சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 10.6 கன அடி. மானியில் 6 வளிமண்டலம் வரை நிரப்பி 1 வரை பயன்படுத்தினால் 53 கன அடி வாயு கிடைக்கும். விளக்குக்கு மணிக்கு முக்கால் கன அடி வீதம் 6 விளக்குகள் என்றால் மணிக்கு 4.5 கன அடி. ஆக ஏறத்தாழ 12 மணி நேரம். டர்பனில் ஜூன் மாத இரவு 14 மணி நேரம் நீளும். அப்படிப்பட்ட பெட்டிக்கு இரண்டாவது சிலிண்டர் வேண்டும், அல்லது நிரப்பும் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும்.

வெப்பநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பகலில் 40 டிகிரியில் நிரப்பிய சிலிண்டர், இரவில் 10 டிகிரிக்கு இறங்கினால் மானி 6-லிருந்து 5.3 ஆகிவிடும். ஒரு துளி வாயுகூடப் போகவில்லை. கசிவு என்று நினைத்து இணைப்புகளைப் பிரித்தால்தான் உண்மையான கசிவு தொடங்கும்.

அமைப்பின் உயிர் ரெகுலேட்டரில் இருக்கிறது. சிலிண்டரில் பத்து வளிமண்டலம் வரை இருக்கும். பர்னருக்குத் தேவையோ ஓர் அங்குல நீர்மட்ட அழுத்தம். ஏறத்தாழ 0.25 கிலோபாஸ்கல், நம் வீட்டு ரெகுலேட்டர் தரும் 2.8-இல் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. வார்ப்பிரும்புக் கிண்ணத்தின் மேல் வாயு புகாத தோல் சவ்வு. உள்ளே அழுத்தம் கூடினால் சவ்வு உயர்ந்து, நெம்புகோல் வழியாக நுழைவாயில் வால்வை மூடும், குறைந்தால் திறக்கும். வண்டியின் குலுக்கலில் வால்வு துள்ளாமல் இருக்க ஸ்பிரிங் தாங்கும்.

பழுது பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஒரு விளக்கு மட்டும் கெட்டிருக்கிறதா, எல்லாமா? ஒன்று மட்டும் என்றால் மேலே பார்க்கவும். மாக்கல் பர்னரின் துளையில் கரி, அல்லது கண்ணாடிக் கிண்ணத்தின் ஓரம் சரியாக மூடாமல் அறைக் காற்று உள்ளே வருவது. இந்த விளக்கு காற்றைக் கூரை வழியாக இழுத்துக் கூரை வழியாகவே புகையை விட வேண்டும். அறைப்பக்கம் இறுக மூடியிருக்க வேண்டும். எல்லா விளக்கும் சேர்ந்து துடித்தால் கோளாறு கீழே. வடிக்காத திரவம் குழாயின் தாழ்ந்த வளைவில் தேங்கி, வண்டி குலுங்கும்போது வாயுவை விட்டுவிட்டு விடுகிறது. மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் தோல் சவ்வு காய்ந்து விறைத்துவிட்டது. ஏற்றும்போது மட்டும் சுடர் உயர்ந்து புகைந்தால் வால்வின் இருக்கையில் தூசி: மூடியிருந்த நேரம் முழுக்க அழுத்தம் ஊர்ந்து ஏறியிருக்கிறது. கசிவைத் தேட சோப்பு நீர் மட்டும். தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

கார்பைட் வாயு இன்னும் பளிச்சென்று எரியுமே?
*— ஒரு வாசகர், டோங்காட்*

எரியும். ஒரு கிலோ கால்சியம் கார்பைடில் சுமார் 300 லிட்டர் அசெட்டிலீன் வரும். ஆனால் சுமார் இரண்டு வளிமண்டலத்தைத் தாண்டி அழுத்தினால் காற்றே இல்லாமல் தானாகச் சிதைந்து வெடிக்கும் வாயு அது. ஜெர்மனியில் பிரஷ்ய ரயில்வே கண்ட நடுவழி நல்லது: முக்கால் பங்கு எண்ணெய் வாயுவில் கால் பங்கு அசெட்டிலீன். அந்தக் கலவையை அழுத்தி அடைக்க முடிந்தது; பழைய சிலிண்டரும் பழைய குழாயும் அப்படியே பயன்பட்டன.

விபத்துகளில் இந்த வாயுவால்தான் பெட்டிகள் எரிந்தன என்கிறார்களே, உண்மையா?
*— ஒரு வாசகி, லேடிஸ்மித்*

தீயை மூட்டியது பெரும்பாலும் எஞ்சினின் கணப்பு. அதைப் பெருநெருப்பாக்கியது வாயு. மரப்பெட்டி நொறுங்கும்போது சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் இடையிலுள்ள குழாய் முறிந்தால், ரெகுலேட்டரால் எதுவும் செய்ய முடியாது. முழு அழுத்தத்துடன் வாயு பீறிட்டு வரும். பக்கத்தில் சிதறிய கங்கு போதும்.

1910 டிசம்பர் 24-இல் இங்கிலாந்தின் ஹாஸ் ஜங்ஷனில் 12 பேர் இறந்தார்கள். அந்த விசாரணையே மின்விளக்குக்கு மாறச் சொன்னது. மாற்றம் மெதுவாக நடந்தது. 1915 மே 22-இல் ஸ்காட்லாந்தின் குவின்டின்ஷில்லில் படைவீரர்களை ஏற்றிவந்த வண்டி மோதியது. பழைய மரப்பெட்டிகள், புறப்படுமுன் புதிதாக நிரப்பிய சிலிண்டர்கள். 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தீ மறுநாள் வரை அடங்கவில்லை. ஆபத்து தெரிந்திருந்தும் பழைய பெட்டிகளை ஓட்டியது மன்னிக்கத்தக்கதல்ல என்பது எங்கள் கருத்து.

மின்சாரம் எப்போது வந்தது? ஏன் அவ்வளவு தாமதம்?
*— அதே வாசகி*

1881-லேயே லண்டன்–பிரைட்டன் பாதையில் ஒரு புல்மன் சொகுசுப் பெட்டி பேட்டரி விளக்கில் ஓடியது. பேட்டரியின் கனமும் அதை அடிக்கடி மாற்றுவதும் தடையாயின. 1894-இல் ஸ்டோன் நிறுவனம் சக்கர அச்சிலிருந்து பட்டை போட்டு டைனமோ சுழற்றும் முறையைக் கொண்டுவந்தது. வண்டி நின்றால் பேட்டரி ஈடுகொடுக்கும். அதற்குள் வாயுவுக்கும் மறுவாழ்வு கிடைத்துவிட்டது. ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவுர் ஃபான் வெல்ஸ்பாக் கண்ட மேண்டில், 1891-க்குப் பின் 99 பங்கு தோரியமும் 1 பங்கு சீரியமும் கலந்த ஆக்சைடால் செய்யப்பட்டு, குறைந்த வாயுவில் பல மடங்கு ஒளி தந்தது. தலைகீழாகத் தொங்கும் மேண்டில் வந்ததும் ரயிலுக்கு அது நன்றாகப் பொருந்தியது. இனி சுடரில் கரி மின்ன வேண்டியதில்லை, சூடு இருந்தால் போதும். எண்ணெய் வாயுவைத் தேர்ந்தெடுத்த மூலக்காரணமே அத்தோடு போய்விட்டது. ஆனாலும் ஒரு கன அடியில் அதிகச் சூடு இருந்ததால் அதையே தொடர்ந்தார்கள்.

ரயில்வேயில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தா விட்டுப்போன கூரை விளக்கு ஒன்று வீட்டில் உள்ளது. எண்ணெயா, வாயுவா? மறுபடி ஏற்றலாமா?
*— ஒரு வாசகர், ஸ்டாங்கர்*

உள்ளே கிண்ணமும் தட்டைத் திரி போகும் வாயும் இருந்தால் எண்ணெய். பக்கத்திலோ மேலேயோ குழாய் திருகும் மரையும், அதிலிருந்து கீழிறங்கும் குறுகிய குழலும், நுனியில் வெண்மையான மாக்கல் முனையும் இருந்தால் வாயு. முனையில் நேர்க்கோட்டுப் பிளவோ இரண்டு சாய்ந்த துளைகளோ இருந்தால் விரிந்த சுடருக்கானது. வளையம்போன்ற தாங்கி இருந்தால் மேண்டிலுக்கு மாற்றப்பட்டது. மேலே வெள்ளை எனாமல் தகடு ஒளியைத் திருப்புவதற்கு. மைக்காத் தகடு இருந்தால் தொட்டால் உதிரும், துணி போடாதீர்கள், மென்மையான தூரிகை போதும்.

வீட்டு கேஸை இதில் இணைக்காதீர்கள். அழுத்தமும் துளையும் காற்றுத் தேவையும் வேறு. கசியும் எல்பிஜி காற்றைவிடக் கனமானதால் தரையில் தேங்கும். எல்இடி பல்ப் பொருத்தினால் உள்பாகங்களுக்குச் சேதமில்லை. பழைய மேண்டில் தூள் இருந்தால் ஊதாதீர்கள். தோரியம் லேசான கதிரியக்கம் உள்ளது. ஈரத் துணியில் ஒற்றியெடுத்து, பையில் கட்டிப் போடுங்கள், கையைக் கழுவுங்கள்.

சிலிண்டரும் சேர்ந்து கிடைத்திருந்தால் அதை அறுக்கவோ துளையிடவோ வெல்டிங் செய்யவோ வேண்டாம். எத்தனை ஆண்டு ஆனாலும் உள்ளே எண்ணெய்ப் படிவு இருக்கலாம். வால்வை நீங்களே திறக்காமல், அழுத்தக்கலங்களைச் சோதிக்கும் தகுதியுள்ளவரை அழையுங்கள்; அவர் அழுத்தம் இல்லை என்று உறுதிசெய்து, நீர் நிரப்பி ஆவியை வெளியேற்றிய பிறகே அடுத்த வேலை. கொடுத்துவிட விரும்பினால் ஹில்டனில் உள்ள நேட்டால் ரயில்வே அருங்காட்சியகத்தையோ ஜார்ஜ் நகரின் ஔட்டெனிக்வா போக்குவரத்து அருங்காட்சியகத்தையோ கேட்டுப் பாருங்கள். விளக்கின் மேல் பொறித்துள்ள எழுத்துகளையும் எண்களையும் மெருகிடும் முன் படமெடுத்து அனுப்புங்கள்.