லமினேற் செய்த கடிதமும் போனுக்குள் இருக்கும் கடிதமும்

அன்பின் ஆலோசகருக்கு,

எனக்கு 26 வயது. வீடு உரும்பிராய். கிளிநொச்சி அறிவியல்நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படித்து முடித்தேன். ஒன்றரை வருடமாக ஒரு குடிநீர்த் திட்டத்தில் ஒப்பந்த வேலை. மாஸ்ரர்ஸுக்கு இரண்டு இடத்துக்குப் போட்டேன், இரண்டும் கிடைத்துவிட்டன. அதுதான் இப்போது பிரச்சினை.

ஒன்று லண்டன் இம்பீரியல் கொலிஜ். உலகத்தில் முதல் பத்துக்குள் வருகிற இடம். கட்டணம் மட்டும் 40,000 பவுணை ஒட்டி வரும். புலமைப்பரிசில் இல்லை. பாதியைத் தாமே தருவதாக லண்டன் மாமா சொல்கிறார். மிச்சத்துக்கு அம்மாவின் சீதனக்காணி ஐந்து பரப்பை விற்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். இம்பீரியல் கடிதத்தைக் கொம்யூனிகேஷனில் அச்செடுத்து, லமினேற் பண்ணி, சாமியறையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டுகிறா. கோயிலடியிலும் கலியாண வீட்டிலும் "எப்ப லண்டன்?" என்பதுதான் கேள்வி. தாய்லாந்து என்று வாய் திறந்த அன்று மச்சாள் ஒருத்தி, "அங்க ஆக்கள் ரூர் எல்லோ போறவை?" என்று சிரித்தாள்.

மாமா 1989 இல் வெளிநாடு போக அம்மாவின் காப்பும் சங்கிலியும்தான் அடகு போயின. மீட்கவேயில்லை. "அவன் தரக் கடமைப்பட்டவன், நீ யோசிக்காதை" என்கிறா அம்மா. மாமா வேறு மாதிரி: "படிச்சு முடிய இங்கயே நிண்டிடு, நல்ல பெடியன் ஒருத்தன் இருக்கிறான்."

மற்றது பாங்கொக்குக்கு வடக்கே உள்ள ஆசிய தொழில்நுட்ப நிறுவனம். கட்டணமும் தங்குமிடமும் மாதச் செலவும் அவர்களே. இறுதியாண்டில் எங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறுகள் பதினான்கில் மாரி முடிந்ததும் ஒரு தரம், கோடையில் ஒரு தரம் நைத்திரேற்று அளந்தேன். அங்குள்ள பேராசிரியர் அந்த அறிக்கையை வாசித்துவிட்டு எங்கள் பக்கத்து ஆழமான நிலாவரைக் கிணற்றைப்பற்றிக் கேட்டு எழுதியிருந்தார். மேலே நன்னீர், ஆழத்தில் உவர் என்றால், பம்ப் வைத்து இறைக்கும் தோட்டக் கிணறுகளில் உவர் எவ்வளவு மேலே வந்திருக்கிறது என்று. எனக்கும் அதே கேள்விதான். அந்த ஈமெயிலை நாலைந்து தரம் வாசித்திருப்பேன். வீட்டில் ஒருவருக்கும் காட்டவில்லை.

20ஆம் திகதிக்குள் பதில் சொல்லவேண்டும். இரவில் நித்திரை இல்லை. லண்டனை விட்டால் பிற்காலத்தில் கவலைப்படுவேனா? அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

– உரும்பிராய் வாசகி

அன்பின் பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், இரண்டாம் தரம் கையில் பென்சிலோடு. லண்டன் வருகிற இடமெல்லாம் ஆட்கள் நிற்கிறார்கள்: அப்பா, அம்மா, மாமா, மச்சாள், கோயிலடிச் சனம். அங்கே என்ன படிக்கப்போகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. தாய்லாந்து வந்ததும் ஆட்கள் போய்க் கிணறுகள் வந்துவிட்டன.

இதை வைத்தே முடிவு கட்டிவிடவும் மாட்டேன். பயத்துக்கும் சிலவேளை விருப்பம்போல வேஷம் போடத் தெரியும். ஒன்று செய்து பாருங்கள். மாமாவின் காசும் வேண்டாம், காணியும் விற்கவேண்டாம், இம்பீரியலும் முழுச் செலவையும் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பாங்கொக் என்று மனம் சொன்னால் வேறு பேச்சுக்கே இடமில்லை. லண்டன் என்று சொன்னால், உங்களைப் பிடித்து வைத்திருப்பது கடன். கடனுக்குப் பயப்படுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, கணக்கைப் பாருங்கள்.

40,000 பவுண் வெறும் கட்டணம். விசாவுக்கு, கட்டணத்துக்கு மேலதிகமாக லண்டன் செலவென்று மாதம் 1,500 பவுணுக்கு மேலே 9 மாதத்துக்கு, 28 நாள் தொடர்ந்து பாங்கில் காசு காட்டவேண்டும். சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண். தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். படிப்பு முடிந்து வேலை தேடத் தரும் விசாவும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. பவுணில் கடன் பட்டு ரூபாவில் உழைப்பது என்னவென்று 2022 இல் பார்த்தோமே. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 ஆனது.

அதைவிட எனக்கு உறுத்தியது காப்பும் சங்கிலியும். அம்மாவுக்கு அது 1989 இன் பாக்கி. மாமாவுக்கு, உங்களுக்குச் செய்யும் உதவி. அதோடு ஒரு மாப்பிள்ளையும் சேர்ந்து வருகிறார். ஒரே காசுக்கு இரண்டு கொப்பியில் இரண்டு கணக்கு. அக்கா தம்பிக்கு நடுவில் முப்பது வருடத்துக்கு மேலாகத் தீராத ஒன்றை உங்கள் படிப்பால் தீர்க்கப்பார்க்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் காசு இப்படித்தான் நடமாடுகிறது. ஆனால் அந்தக் காப்புகளை மீட்கவேண்டியது நீங்கள் இல்லை.

அப்பாவின் முகத்துக்கு வருவோம். அவர் கையில் ஒரு தாள்தான் கிடைத்தது, அதைக் கொண்டாடினார். மற்றதை நீங்கள் காதல் கடிதம்மாதிரிப் போனுக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்! அதே கொம்யூனிகேஷனுக்குப் போய் அந்த ஈமெயிலை அச்செடுங்கள். புலமைப்பரிசில் கடிதத்தை முதலில் காட்டவேண்டாம், நிலாவரைக் கேள்வி உள்ள பக்கத்தைக் காட்டுங்கள். எங்கோ இருக்கிற ஒரு பேராசிரியர் உங்கள் அறிக்கையை வரி வரியாக வாசித்துக் கேள்வி கேட்டிருக்கிறார் என்றால், அது என்ன என்று ஒரு ஆசிரியருக்கு விளக்கத் தேவையில்லை. கொஞ்சம் முகம் வாடும். ஒரு கிழமை பேசாமலும் இருப்பார். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

கவலைப்படுவேனா என்று கேட்டீர்கள். கொஞ்சம் படுவீர்கள். எடுக்காமல் விட்டது எப்போதும் வடிவாய்த்தான் தெரியும். ஆனால் லண்டன் எங்கும் ஓடிப்போகாது. பிரித்தானிய அரசாங்கம் தரும் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள், அதில் பெரும்பகுதி உங்களிடம் இப்போதே இருக்கும். ஏற்கெனவே மாஸ்ரர்ஸ் முடித்திருப்பது அதற்குத் தடையில்லை. முடித்த பின் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பி வரவேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் கிணறுகளை யோசித்தால் அது பெரிய தண்டனையாகவும் தெரியவில்லை.

என் சாய்வு உங்களுக்கு விளங்கியிருக்கும். ஆனாலும் மேலே சொன்னதைச் செய்து பார்த்து, லண்டன்தான் என்று உண்மையாகவே வந்தால், இந்த வருடமே போகவேண்டுமா, ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று அவர்களிடமே எழுதிக் கேளுங்கள். 20ஆம் திகதிக்குப் பிறகும் நித்திரை வராவிட்டால் யாழ் போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய உளநல உதவி இலக்கமான 1926 க்கு எடுங்கள்.

எந்த முடிவு என்றாலும், மாமாவுக்கு அம்மாவைக்கொண்டு சொல்லுவிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டரைக்கு நீங்களே எடுங்கள். கோடை மாதங்களில் அங்கே அப்போது காலை பத்து மணி, தேத்தண்ணி குடித்து ஆறுதலாக இருப்பார்.