உப்பு போகும் பக்கம் தண்ணீர்: செல் சவ்வு கேள்வி பதில்

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் உயிரியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கேட்டவை.

கொழிஞ்சாம்பாறை, பிளஸ் டூ மாணவி: மாஷே, சவ்வு கொழுப்பால் ஆனது என்றால் தண்ணீர் எப்படி உள்ளே போகும்?

சவ்வு என்பது பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு. நீரை விரும்பும் தலைகள் இரண்டு வெளிப்பக்கங்களிலும், விரும்பாத வால்கள் நடுவில். ஆக்சிஜன் சுலபமாக நுழையும். தண்ணீர் கொஞ்சம் கசியும். வேகமாகப் போக அக்குவாபோரின் என்ற புரதத் துளை வேண்டும். அதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ருக்கு 2003-இல் நோபல். உப்பில் உள்ள சோடியத்துக்கோ புரதம் இல்லாமல் வழியே இல்லை. ஒன்றை மறக்காதே அம்மணி: தண்ணீருக்கென்று தனிப் பம்பு கிடையாது. கரைந்த பொருள் எந்தப் பக்கம் அதிகமோ, அங்கே போகும்.

மீனாட்சிபுரம்: உப்புப் போட்ட மாங்காய் நீர் விடுவது ஏன்?

மேலே சொன்னதுதான். கெடுக்க வரும் கிருமிக்கும் அதே கதி.

கோபாலபுரம்: செல் சுவரும் சவ்வும் ஒன்றுதானே?

இல்லை. பாடப்புத்தகம் பாருங்கள்.

வண்ணாமடை, ஒரு தாய்: வயிற்றுப்போக்குக்கு உப்புத் தண்ணீர் போதாதா? ஓ.ஆர்.எஸ். (வாய்வழி நீரேற்றுக் கரைசல்) பொடியில் சர்க்கரை எதற்கு?

இதைத்தான் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். காலரா வந்தால் குடல் செல் உப்பையும் நீரையும் வெளியே கொட்டும். சோடியத்தைத் தனியாக உள்ளே இழுக்கும் வழி முடங்கும். ஆனால் ஒரு கடத்திப் புரதம் அப்போதும் வேலை செய்யும். அது ஒரு குளுக்கோஸுடன் இரண்டு சோடியத்தைச் சேர்த்தே உள்ளே விடும். 1960-இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் இந்தக் கூட்டுக் கடத்தலை முன்வைத்தார். உள்ளே வந்த சோடியத்தை, செல்லின் மறுபக்கச் சவ்வில் உள்ள புரதப் பம்பு இரத்தப் பக்கம் தள்ளுகிறது: 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. தண்ணீர் பின்னாலேயே போகிறது. பம்பு தள்ளுவது உப்பை, நீரை அல்ல!

கண்ணளவு மட்டும் வேண்டாம். 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கு 1 லிட்டர் தண்ணீர். சின்னப் பொட்டலமும் உண்டு, அட்டையைப் படியுங்கள். சர்க்கரை கூடினால் குடலுக்குள்ளேயே நீர் இழுபட்டு, போக்கு அதிகமாகும்.

வேலந்தாவளம், தோப்புக்காரர்: எங்க இளநீர் அந்தப் பொடிக்குக் குறைச்சலுங்களா?

ருசியில் இல்லைங்க. சோடியத்தில் குறைச்சல்தான். ஓ.ஆர்.எஸ்.ஸில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம், 20 பொட்டாசியம். இளநீரில் பொட்டாசியம்தான் மிகுதி.

அதே தோப்புக்காரர்: தாத்தா காலத்திலிருந்து இதைத்தானே கொடுத்தோம்?

கொடுங்கள், கூடவே. பதிலாகக் கொடுக்காதீர்கள்.

கோவிந்தாபுரம்: தோப்புக்காரர் சொல்வது சரிதான். இளநீர் இயற்கையானது.

உப்பும் இயற்கைதான். கூட்டுக் கடத்திக்குச் சோடியம் வேண்டும், சான்றிதழ் வேண்டாம்.

சித்தூர்: இளநீரில் உப்புப் போட்டால்?

இளநீரிலேயே நிற்கிறீர்களே! காய்க்குக் காய் அளவு மாறும், எவ்வளவு உப்பு என்று எப்படிச் சொல்வேன்? மறுபடியும் கண்ணளவு.

கொழிஞ்சாம்பாறை: அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. இளநீர் தரலாமா?

அந்தப் பொட்டாசியம் அவர் உடம்பில் தேங்கி இதயத்தைப் பாதிக்கலாம். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தராதீர்கள்.