கதவை ஓங்கிச் சாத்தினால் ஸ்பீக்கர் பாடுகிறதா?

காரின் இடது முன்கதவு ஸ்பீக்கர் மட்டும் திடீரென ஊமையாகி, கதவை ஓங்கிச் சாத்தினால் மறுபடி பாடுகிறது என்றீர்கள். புது ஸ்பீக்கர் வாங்க அவசரப்படாதீர்கள். கதவுக்கும் கார் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில்தான் எனக்குச் சந்தேகம். கதவைத் திறக்கும்போதெல்லாம் அதற்குள் வயர் மடங்கி நிமிர்கிறது. நாளாக நாளாக உள்ளே செம்பு அறுந்துவிடும், மேலுறை மட்டும் முழுசாக இருக்கும்.

ஸ்டீரியோவில் பேலன்ஸை (இட-வல ஒலிப் பங்கீடு) இடப்பக்கமும் ஃபேடரை (முன்-பின் ஒலிப் பங்கீடு) முன்பக்கமும் முழுக்கத் தள்ளி, பாட்டை ஓடவிட்டுக் கதவை மெல்லத் திறந்து மூடுங்கள். ஒரே கோணத்தில் கரகரத்து நின்றால் அதேதான். ரப்பரை உருவி ஒவ்வொரு வயரையும் லேசாக இழுங்கள்; அறுந்தது ரப்பர்பேண்ட் மாதிரி நீளும்.

ஒட்டும்போது அந்த மடிப்பிலேயே சால்டர் (ஈயப் பற்று) வைக்காதீர்கள், பக்கத்திலேயே மறுபடி ஒடியும். நான் ஒருமுறை அப்படிச் செய்து, கதவின் உள் பேனலை இரண்டாவது தடவை கழற்ற வேண்டி வந்தது. மடிப்புக்கு வெளியே இரு பக்கமும் இணைப்பு வைத்து, நடுவில் மெல்லிழை வயர் போடுங்கள்.

கதவை அசைத்தும் ஒன்றும் மாறவில்லையா? சரி, ஸ்பீக்கர் பின்னை உருவி மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3-லிருந்து 4 ஓமுக்குள் காட்டும். கோனை (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) மெல்ல அழுத்தும்போது எண் லேசாக ஆடுவது சகஜம்; இணைப்பே அறுந்ததுபோல் காட்டினால் பழுது ஸ்பீக்கரில்தான்.