கில்வினெக் துறைமுகத்துக்கு எதிரே வீடு: முன்பணம் அனுப்பும் முன் என்ன கேட்க வேண்டும்?

பாரிஸ் பக்கத்து லா கூர்நெவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மம்மா என ஐந்து பேர். ஆகஸ்டில் ஒரு வாரம் தங்க, பிரான்சின் மேற்குக் கரையில் பிரெத்தாஞ் பகுதியிலுள்ள லு கில்வினெக் என்ற ஊரில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறார்கள். விளம்பரத்தில் 'மீனவர் வீடு, துறைமுகத்துக்கு எதிரே, கடல் தெரியும், கடற்கரை பக்கத்தில்' என்று இருக்கிறதாம். வீட்டுக்காரர் 30 சதவீதம் முன்பணம் கேட்கிறார், இவர்களிடம் கார் இல்லை. எடுக்கலாமா என்பது கேள்வி.

எடுக்கலாம், ஊர் அருமையான ஊர். ஆனால் பணம் அனுப்புவதற்கு முன்பு வீட்டுக்காரரிடம் நாலைந்து விஷயம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதலில் அம்மம்மா. பழைய மீனவர் வீடுகள் பெரும்பாலும் சின்னவை, படுக்கையறைகள் மாடியில், படிக்கட்டு குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். கூரைக்குக் கீழே உள்ள அறையில் நிமிர்ந்து நிற்கவே முடியாமல் போகலாம். அதனால் கீழ்த்தளத்தில் படுக்கையறை உண்டா, அதே தளத்தில் கழிவறையும் குளியலறையும் உண்டா, வாசலில் எத்தனை படி என்று கேட்டு, படிக்கட்டின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். விளம்பரப் படங்களில் படிக்கட்டு மட்டும் இல்லை என்றால் காரணம் இருக்கும். 'ஆறு பேருக்கு' என்பதில் வரவேற்பறை சோபாவில் படுக்கிற இருவரையும் சேர்த்திருப்பார்கள், அதையும் கேளுங்கள்.

அடுத்தது, 'துறைமுகத்துக்கு எதிரே'. இது உல்லாசப் படகுகள் மிதக்கும் துறைமுகம் இல்லை, பிரான்சின் முக்கியமான மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. விடியுமுன்பே இயந்திரச் சத்தம் கேட்கும், கடற்புறாக்கள் கத்தும், காற்று திரும்பினால் மீன் வாடையும் வரும். எனக்கு அது பிடிக்கும், ஆனால் லேசான தூக்கக்காரர் யாராவது இருந்தால் பின்பக்கம் திறக்கும் அறையை அவருக்குக் கொடுங்கள். அப்புறம், படகுகள் திரும்பும் காட்சியைப் பார்க்கத்தானே இந்த ஊர்: கரையோரம் மீன்பிடிக்கும் இழுவைப் படகுகள் வார நாள்களில், மாலை நாலரை மணி வாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வரும். மீன் ஏலக்கூடத்துக்கு மேலே 'ஹாலியோதிகா' என்ற மீன்பிடி மையத்தின் மாடியில் நின்று அதைப் பார்க்கலாம். கோடையில் வாடகை வாரம் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான், எனவே நீங்கள் போய் இறங்கும் சனியும் மறுநாள் ஞாயிறும் அந்தக் காட்சி இருக்காது. பிள்ளைகளிடம் திங்கள் என்றே சொல்லி வையுங்கள்.

கடற்கரை விஷயத்தில் 'பக்கத்தில்' என்ற சொல்லை நம்பாதீர்கள், முகவரியை வாங்கி வரைபடத்தில் நடைதூரம் பாருங்கள். எதிர்க்கரை லெஷியாகாவில் நல்ல மணல் இருக்கிறது, கண்ணுக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் நடந்து போக துறைமுகத்தின் உள்முனையைச் சுற்றி வர வேண்டும், அம்மம்மாவுக்கு அது சிரமம். 'கடல் தெரியும்' படமும் கடல் ஏறியிருக்கும்போது எடுத்ததாகத்தான் இருக்கும். பெரிய ஓதங்களில் (கடல் ஏறி வற்றுவதைத்தான் ஓதம் என்கிறோம்) அங்கே நீர்மட்டம் நாலு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும், வற்றும்போது துறைமுகத்தின் உள்பகுதியில் சேறுதான் தெரியும். ஓத நேர அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் 20 முதல் 120 வரை ஓர் ஓத எண் போட்டிருப்பார்கள், எண் பெரிதானால் கடல் அதிகம் உள்வாங்கும். அப்படிப்பட்ட நாள்களில் அந்தக் கரையில் மதியத்தை ஒட்டிக் கடல் வற்றும், பாறைக் குட்டைகளில் நண்டும் இறாலும் தேட பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. நீர் திரும்பி ஏறத் தொடங்கும் முன்பே கரைக்கு வந்துவிடுங்கள். குளிக்கக் கடல் குளிர்தான், ஆகஸ்டிலும் 17, 18 டிகிரி.

பணத்துக்கு வருவோம், உங்களுக்கு நஷ்டம் வரக்கூடிய இடம் இதுதான். ஒப்பந்தத்தில் முன்பணத்துக்கு 'ஆர்' என்று எழுதியிருக்கிறதா, 'அகோந்த்' என்று எழுதியிருக்கிறதா? தமிழில் இரண்டும் முன்பணம்தான், சட்டத்தில் வேறு வேறு. 'ஆர்' என்றால் நீங்கள் ரத்து செய்தால் அந்தத் தொகை போகும், அதோடு முடிந்தது. வீட்டுக்காரர் ரத்து செய்தால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். 'அகோந்த்' என்றால் இருவரும் கட்டுப்பட்டவர்கள், நீங்கள் போகாவிட்டாலும் வீட்டுக்காரர் முழு வாடகையையும் கேட்கலாம். வயதானவரோடு போகிறீர்கள், கடைசி நேரத்தில் திட்டம் மாறலாம், எனவே 'ஆர்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டின் விவரங்கள் எழுதிய தாளையும் ஒப்பந்தத்தையும் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். வந்து தங்குபவர்களிடம் இரவுக்கு இவ்வளவு என்று வாங்கும் ஊர் வரி பெரியவர்களுக்கு மட்டும், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை. ஆக உங்களுக்கு மூன்று பேர், ஏழு இரவு. படுக்கை விரிப்பும் கடைசி நாள் துப்புரவும் வாடகையில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டுக் காப்புறுதியில் 'வில்லெஜியாத்யூர்' என்ற பிரிவு இருந்தால், விடுமுறை வீட்டில் தீயோ நீர்க்கசிவோ உங்களால் நேர்ந்தால் அது கைகொடுக்கும்.

சமையல்: அடுப்பு இன்டக்‌ஷன் என்றால் அலுமினியச் சட்டி வேலை செய்யாது. இரும்புத் தோசைக்கல் சூடாகும், ஆனால் கண்ணாடியில் கீறல் விழுந்தால் சேதத்துக்காக வாங்கி வைக்கும் வைப்புப் பணத்தில் பிடிப்பார்கள், தூக்கித்தான் வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது.

கார் இல்லாதது பெரிய தடை இல்லை. பாரிஸின் மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து கேம்பேர் நகரத்துக்கு அதிவேக ரயிலில் சுமார் நான்கு மணி நேரம், அங்கிருந்து லு கில்வினெக்குக்கு 30 கிலோமீட்டர் பஸ்ஸில். சனிக்கிழமை பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள், இரண்டும் பொருந்தவில்லை என்றால் டாக்சிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஏலத்தில் நாம் மீன் வாங்க முடியாது, துறைமுகத்தை ஒட்டிய மீன்கடைகளில் வாங்கலாம். உயிரோடு இருக்கும் லாங்குஸ்தீனை (இறால் போன்ற, நீண்ட கொடுக்குள்ள கடல் உயிரி) கேளுங்கள். நன்றாக உப்புப் போட்ட கொதிநீரில் போட்டு, மறுபடி கொதித்ததும் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். முதல் நாளாவது மசாலா வேண்டாம்.