சாசன இயக்கம்: பசியா, ஓட்டா?

இங்கிலாந்துத் தொழிலாளர்கள் ஓட்டுரிமை கேட்டு நடத்திய சாசன இயக்கத்துக்குப் (Chartism) பசிதான் காரணம் என்று எழுதியதற்குப் பாதி மதிப்பெண்தான் கிடைத்தது என்கிறீர்கள். பசி என்பது தவறில்லை. ஆனால் பசித்தவர்கள் ரொட்டி கேட்காமல் ஏன் ஓட்டு கேட்டார்கள் என்பதையும் விடையில் சொல்ல வேண்டும்.

நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுரிமையை விரிவாக்கிய 1832 சீர்திருத்தச் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். அதற்காகத் தெருவில் இறங்கியவர்களில் தொழிலாளர்கள் ஏராளம். ஆனால் நகரங்களில், ஆண்டுக்குக் குறைந்தது 10 பவுண்டு வாடகை மதிப்புள்ள வீட்டில் குடியிருந்த ஆண்களுக்கே புதிதாக ஓட்டு கிடைத்தது. முதலாளி உள்ளே போனார், கூடப் போராடியவர் வெளியே நின்றார்.

அடுத்து, 1834 ஏழைகள் சட்டம். இதை மட்டும் விரிவாகவே எழுதுங்கள். உடலில் தெம்புள்ளவர் உதவி கேட்டால் குடும்பத்தோடு வேலை இல்லத்துக்குள் (ஏழைகளுக்கு வேலை வாங்கிக்கொண்டு சோறும் இடமும் தரும் விடுதி) போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். படிக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது. அதே ஆண்டில்தான், தொழிற்சங்கத்தில் சேர ரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று டால்படில் கிராமத்து விவசாயக் கூலிகள் 6 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

அப்புறம் பசிக்கு வாருங்கள். விசைத்தறியோடு போட்டி போட முடியாமல் கைத்தறி நெசவாளரின் கூலி ஏற்கெனவே தேய்ந்திருந்தது. 1837இல் வர்த்தகமும் சரிந்தது. சட்டம் போடும் இடத்தில் நமக்கு ஆளில்லை, அதனால்தான் இத்தனையும் என்று தொழிலாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். இயக்கத்துக்குப் பெயர் தந்த, 1838இல் வந்த மக்கள் சாசனம் என்ற ஆவணத்தின் ஆறு கோரிக்கைகளில் முதலாவது, வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு.