ஜிம்மியின் ஈறை முதலில் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மா, முட்டை, மஞ்சள், அரிசி மாவு, வாழைப்பழம் எல்லாம் உங்கள் நாய் ஜிம்மிக்கு ஆகுமா என்று நீங்கள் வரிசையாகக் கேட்டிருந்தாலும், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது கடிதத்தின் கடைசி வரிதான்: இரண்டு வாரமாக நீங்களே சுட்டுக் கொடுத்த பிஸ்கட்டால்தான் ஜிம்மி இப்படிச் சோர்ந்து படுத்திருக்கிறானா?

அவனுடைய மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே உள்ள ஈறைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நலமாக இருக்கும் நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஈறு இயல்பாகவே கறுப்பாக இருந்தால், கீழ் இமையை மெல்ல இறக்கி அதன் உட்புறத்தைப் பாருங்கள். ஈறோ இமையின் உட்புறமோ வெளிறியோ மஞ்சளாகவோ தெரிந்தாலும், சிறுநீர் கோப்பி ஓ (பால் கலக்காத கோப்பி) நிறத்தில் போனாலும், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உங்கள் ஊரில் கிளினிக் மூடியிருந்தால் ஈப்போவுக்குப் போய்விடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நீங்கள் எழுதிய செய்முறையே காரணம். வீட்டில் மிஞ்சிய கோழி சூப்பை ஊற்றி மாவு பிசைந்திருக்கிறீர்கள். அந்தச் சூப்பில் வெங்காயம் வெந்திருக்கிறது. பூண்டு கொடுத்தால் உண்ணி ஓடிவிடும் என்று யாரோ காணொளியில் சொன்னதை நம்பி, பூண்டுத்தூளையும் கலந்திருக்கிறீர்கள். பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு ஆகிய எல்லாமே நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து உடையச் செய்பவை. வேகவைத்தாலும் காயவைத்துப் பொடித்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. தூளில் நீர் வற்றிவிடுவதால் அது இன்னும் செறிந்திருக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் உள்ளே போனாலே நாயின் இரத்தம் பாதிக்கப்படலாம். பூண்டுக்கு அதைவிடக் குறைந்த அளவே போதும். ஒரு பிஸ்கட்டால் ஜிம்மிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் நாள்தோறும் சிறுகச் சிறுக உள்ளே போனதும் சேர்ந்து கெடுதல் செய்யும். அறிகுறிகளும் பெரும்பாலும் சில நாள் கழித்தே வெளிப்படுவதால், சாப்பிட்ட அன்று நாய் துள்ளி விளையாடுவதைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

அதற்காகப் பழி முழுவதையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். செம்பனை மரங்களுக்கிடையே அலைந்து திரியும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சலாலும் இதே போல ஈறு வெளிறும், சிறுநீர் கறுக்கும், நாய் சோர்ந்து படுக்கும். இரண்டில் எது என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். வெளியிலிருந்து பார்த்து நானும் சொல்ல முடியாது, நீங்கள் பார்க்கும் காணொளிக்காரரும் சொல்ல முடியாது. ஆகவே ஈறு இளஞ்சிவப்பாகவே இருந்தாலும், சோர்வு இருக்கும்வரை நாளையைத் தாண்டாமல் காட்டிவிடுங்கள். போகும்போது மீதமிருக்கும் பிஸ்கட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பூண்டு கொடுத்ததை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

உடம்பு சுடுவது போலிருந்ததால் பாதி பெனடோல் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள். மனிதர்களின் காய்ச்சல் மாத்திரை நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும், இரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும் நாய்க்கு அது இன்னும் பெரிய ஆபத்து. எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்ணிக்கு நாயின் எடை பார்த்துக் கொடுக்கும் மாத்திரையும் கழுத்தில் விடும் மருந்தும் இருக்கின்றன. அவற்றையே கேட்டு வாங்குங்கள்.

உங்கள் மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெந்த முட்டையால் முடி கொட்டாது. அரிசி மாவால் சொறி வராது. ஒரு சிட்டிகை மஞ்சளும் இரண்டு துண்டு வாழைப்பழமும் ஒன்றும் செய்யாது. பீனட் பட்டர் சேர்ப்பதென்றால் மட்டும் போத்தலின் பின்பக்கத்தைப் படியுங்கள். சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால் நாய் இருக்கும் பக்கமே அது போகக்கூடாது, ஏனென்றால் சிறிய அளவே நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். சாக்லேட்டும் உலர்ந்த திராட்சையும் வேண்டவே வேண்டாம்.

ஜிம்மி தேறிய பிறகு நீங்கள் தாராளமாக மறுபடியும் செய்து கொடுக்கலாம். வீட்டில் செய்வதில் தவறே இல்லை. மஞ்சள் பூசணியைத் தோல் சீவி, உப்பில்லாமல் அவித்து, நீரை நன்றாக வடித்து மசியுங்கள். அதில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை ஓட்ஸ் மாவைச் சேர்த்துப் பிசையுங்கள். விரல் நகத்தளவு தட்டையாக வெட்டி, ஓவன் அடுப்பில் குறைந்த சூட்டில் காயும்வரை சுடுங்கள். ஓவன் இல்லாவிட்டால் கனத்த சட்டியில் சிறு தீயில் வைத்துப் பிரட்டி எடுக்கலாம். மணத்துக்கு நெத்திலி வேண்டுமென்றால், அதை வெந்நீரில் ஊறவைத்து, உப்பிறங்கிய நீரைக் கொட்டிவிட்டுக் கழுவி, ஒரு சிறு பிடி மட்டும் பொடித்துப் போடுங்கள்.

நம் ஊர் ஈரக் காற்றில் இது மேசைமேல் இருந்தால் சீக்கிரமே பூஞ்சணம் பிடிக்கும். குளிர்பெட்டியில் வைத்து நான்கைந்து நாளில் தீர்த்துவிடுங்கள். ஒரு நாளின் உணவுச் சத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக்கூடாது. உங்கள் ஜிம்மியைப் போன்ற 12 கிலோ நாய்க்கு அது ஏறக்குறைய ஒரு அவித்த முட்டைக்குச் சமம். அந்த அளவை விடியற்காலையிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள், பிள்ளைகள் கொடுப்பதும் அதிலிருந்தே இருக்கட்டும்.